எச்சில் படாத கோப்பை

உத்திரமேரூர்
2.1.2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு ரேணுகா எழுதுவது.

போன மாதம் பதினெட்டாம் தேதி சாயங்காலம், ஜெர்மனியில் நியூரம்பெர்க் ஊர் கிறிஸ்துமஸ் சந்தையில், நீங்கள் ஒரு கோப்பை ஒயின் குடித்தீர்கள். நான் உங்கள் வாயில் ஊற்றவில்லை. வேறு ஏதோ என்று சொல்லி ஏமாற்றியும் கொடுக்கவில்லை. என் கையில் இருந்ததை நீங்களே கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். நடந்தது இதுதான்.

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுக்கச் சொல்லு" என்று அகிலாவிடம் சொன்னீர்களாம். நான் மன்னிப்புக் கடிதம் தந்தால்தான் சீமந்தம் முடிந்து அவளை என் வீட்டுக்குப் பிரசவத்துக்கு அனுப்புவீர்களாம். எழுத்தில்தானே வேண்டும்? எழுதிவிட்டேன். மன்னிப்பு மட்டும் இதில் இருக்காது.

இதை உங்கள் ஓரகத்தி ஆதிலட்சுமி அம்மாளும் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் மகன் சுதனும் என் மகள் அகிலாவும் ஏனாத்தூர் காலேஜில் ஒன்றாகப் படித்து, இரண்டு வீட்டையும் ஒரு வழி பண்ணிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை இந்த ஜனவரியோடு முடிகிறது. "கிளம்பறதுக்குள்ள ரெண்டு அம்மாவும் ஒரு தடவ வந்துட்டுப் போங்க, சந்தை நடக்கிற நேரம்" என்று அவர்கள்தான் டிக்கெட் போட்டார்கள். பத்து நாள் கூட இல்லை. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டில்தான் போனோம்.

அன்றைக்கு என்ன குளிர் என்று உங்களுக்கே தெரியும். நம்மூர்த் திருவிழாக் கடைத்தெரு மாதிரிதான் இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகத் துணிக்கூரை போட்ட கடைகள், வரிசை வரிசையாக விளக்கு, எதிரே பெரிய சர்ச்சு. வாயைத் திறந்தால் புகை. பட்டுப்புடவைக்கு மேல் என் மகளின் கோட்டைப் போட்டுக்கொண்டு நீங்கள் நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். மாப்பிள்ளை போய் எல்லாருக்கும் சூடாகக் குடிக்க வாங்கி வந்தார். உங்களுக்கும் அகிலாவுக்கும் பட்டை கிராம்பு போட்டுக் காய்ச்சிய பழச்சாறு. எனக்கு அதே பட்டை கிராம்பு போட்டுக் காய்ச்சிய ஒயின். நான்தான் கேட்டேன். ஊரே கோப்பையும் கையுமாக நிற்கிறது, அது என்ன சரக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? இதற்கு நான் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

அப்போது மாப்பிள்ளை, "அம்மாவுக்கு ரொம்ப சூடா இருக்கப் போவுது" என்று உங்கள் கோப்பையில் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தார். பாசத்தில் செய்ததுதான். நீங்கள் கையை இழுத்துக்கொண்டீர்கள். "ஐயே, எச்சில் பண்ணிட்டியேடா! மார்கழி விரதம்டா எனக்கு!" அப்புறம் என் பக்கம் திரும்பி, "சம்பந்தி, நீங்க இன்னும் வாய் வெக்கலியே? அத்த இப்படிக் குடுங்க" என்றீர்கள். "இது வேணாம் சம்பந்தி, இது என்னுது. காட்டமா கீது" என்றேன். "கஷாயம்னா காட்டமாத்தான் இருக்கும்" என்று வாங்கி, நின்ற இடத்தில் முடித்துவிட்டீர்கள்.

எச்சில் படாத கோப்பையாகக் கேட்டீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

சீமந்தத்துக்கு ஏழு வகைச் சோற்றோடு வருவேன். மகளை அழைத்துக்கொண்டுதான் திரும்புவேன். இதை மதிய பஸ் கண்டக்டர் தமிழரசனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவனிடமே கொடுக்கலாம். பிரித்துப் படிக்க மாட்டான், நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ரேணுகா
ரேணுகா பலகாரக் கடை, பஸ் ஸ்டாண்டு எதிரில்


காஞ்சிபுரம்
5.1.2025

ரேணுகா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. பசையால் ஒட்டினீர்களோ பஜ்ஜி மாவால் ஒட்டினீர்களோ, கவரெல்லாம் எண்ணெய். கூடத்தில் வைத்துப் பிரித்ததும் வீடு முழுவதும் உங்கள் கடை வாசனை.

நீங்கள் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். "காட்டமா கீது" என்று சொல்லத் தெரிந்த உங்களுக்கு, ஒயின் என்ற ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா? அதைச் சொல்லியிருந்தால் தொடுவேனா? மார்கழி முழுவதும் ஒருவேளைச் சாப்பாடு சாப்பிடுகிறவள் நான். ஊரில் ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்து வியாபாரம் செய்த வாய், என்னிடமும் அப்படியே பேசிவிட்டது.

அதற்குப் பிறகு என் கதி என்னவென்று நினைத்தீர்கள்? சுதனின் சிநேகிதன் ஒருவன் வீடியோ எடுத்து, அது எங்கள் குடும்ப குரூப்பில் வந்துவிட்டது. அதில் நான் நடுத்தெருவில் கோப்பையும் கையுமாக மார்கழிப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறேன். சுற்றி நின்று வெள்ளைக்காரர்கள் கைதட்டுகிறார்கள். ஆதிலட்சுமி எல்லார் எதிரிலும், "கையில இன்னா அக்கா அது, பாயசமா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு வேண்டும் என்றால் நாற்காலியை இழுக்கிறார், அவ்வளவுதான். நான் வேறு என்ன சொல்வேன்? சம்பந்தி கொடுத்தது என்று சொன்னேன். அது பொய்யா?

இன்னொன்று. சுதனின் மேனேஜர் குடும்பத்தோடு சந்தைக்கு வந்திருந்தார். பெரிய மனிதர். அவர் எதிரில் கடை கடையாகப் போய், வாடகை எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும், சந்தை முடிந்தால் மீதி மாதம் என்ன செய்வீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, தெருவில் பஜ்ஜி போடுகிறேன் என்று அகிலாவை விட்டுச் சொல்ல வைத்தீர்கள். சுதன் முகத்தை நான் பார்த்தேன்.

உங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீழே நாள் முழுவதும் எண்ணெய்ச் சட்டி. வாசலில் டிரைவரும் கண்டக்டரும். மேலே என் பேரக்குழந்தையா? மன்னிப்புக் கடிதம் வர வேண்டும், அதை நான் கூடத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்ட வேண்டும். பிரசவம் முடிந்து குழந்தை இங்கே வருகிற வரை கடை மூடியிருக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் அகிலாவை அனுப்புகிறேன். இல்லையென்றால் பிரசவம் காஞ்சிபுரத்தில்தான்.

சாமுண்டீஸ்வரி


உத்திரமேரூர்
8.1.2025

சம்பந்தியம்மாவுக்கு,

கவரில் பட்டது கடலை எண்ணெய். ஒட்டியது மைதாப் பசை. நான் பஜ்ஜி மாவை வீணாக்குகிறவள் இல்லை.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஒயின் என்று ஏன் சொல்லவில்லை? நீங்கள் என் கோப்பைக்குக் கை நீட்டியபோது உங்கள் பின்னால் நின்றுகொண்டு உங்கள் மகன் எனக்குக் கண் காட்டினார். இரண்டு கையையும் கூப்பி, சத்தம் வராமல், "அத்த, ப்ளீஸ்" என்றார். அவர் கோப்பையிலும் அதே சரக்குதான். என்னுடையது ஒயின் என்று சொன்னால் நீங்கள் அடுத்து அவர் கோப்பையில் என்ன என்றுதான் கேட்பீர்கள். அதனால் காட்டம் என்றேன். அதற்குமேல் எப்படித் தடுப்பது என்று யோசிப்பதற்குள் நீங்கள் குடித்துவிட்டீர்கள்.

இத்தனை நாளும் அவருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீடியோ வந்த அன்றைக்காவது அவரே உங்களிடம் சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. பழியை அத்தை தாங்குவாள் என்று விட்டுவிட்டார். மற்ற பழி என்றால் தாங்கியிருப்பேன். என் மகளை என் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்கிற அளவுக்குப் போனபிறகு தாங்க மாட்டேன். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கேட்டுப் பாருங்கள்.

வாடகை விசாரித்தேன், ஆமாம். வியாபாரி சந்தைக்குப் போனால் வாடகை கேட்காமல் வேறு என்ன கேட்பாள்? மேனேஜரிடம் மாப்பிள்ளை என்னை "உணவுத் துறையில் இருக்கிறார்" என்று சொல்லி வைத்திருந்தாராம். நான் துறையில் இல்லை, தெருவில் இருக்கிறேன். அதைத்தான் சொல்லச் சொன்னேன். அந்தப் பெரிய மனிதர் முகம் சுளிக்கவில்லை. எத்தனை வகை பஜ்ஜி என்று கேட்டார். ஆறு என்றேன். அவர் கையில் அப்போது என்ன இருந்தது, பார்த்தீர்களா? ரொட்டிக்குள் வைத்த இறைச்சி. கடுகுச் சாந்து மீசையில் ஒட்டியிருந்தது. அவரும் தெருவில் நின்றுதான் தின்றுகொண்டிருந்தார்.

நீங்களும்தான், சம்பந்தி. விரதத்துக்குப் பலகாரம் சாப்பிடலாம் என்று நீங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம் ஒரு பொட்டலம், பலாக்கொட்டை மாதிரிச் சுட்ட கஷ்கொட்டை ஒரு பொட்டலம், உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் போட்டெடுத்த அடை, அதற்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். அடையில் முட்டை உண்டா என்று அகிலா கேட்கப் போனாள். "கேக்காத, வுடு" என்று நீங்கள்தான் தடுத்தீர்கள். விரலைச் சூப்பினீர்கள். நான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் கல்யாணம் பேச வந்த அன்றைக்கு, கடைக்குள் புகுந்து வரமாட்டேன் என்று காரைச் சுற்றிக் கொண்டுவந்து, பின்பக்கச் சந்தில் சாக்கடையைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்தீர்கள். அன்றைக்கு உங்கள் புடவைக் கரையில் சேறு. அதையும் நான்தான் துடைத்துவிட்டேன். விமானம் ஏறிப் போய்த் தெருவில் தின்னலாம், சம்பந்தி வீட்டு வாசல் மட்டும் தெருவா?

கடையை மூட மாட்டேன். அரை நாள் கூட மூட மாட்டேன். அகிலா வயிற்றில் இருக்கும்போது அவள் அப்பா போய்விட்டார். அவள் பிறந்து தீட்டுக் கழிந்த மறுநாள் நான் தள்ளுவண்டியில் அடுப்பு மூட்டினேன். அவளை வண்டிக்குக் கீழே சாக்கு விரித்துத்தான் போட்டிருந்தேன். அந்தப் புகையில் வளர்ந்தவள்தான் ஏனாத்தூரில் படித்தாள், உங்கள் மகனுக்குப் பிடித்துப்போனாள். இப்போது வண்டி இல்லை, கடை. வீடு மாடியில். புகைக்கூண்டு வைத்துக் கட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். இதெல்லாம் முன்பக்கமாக வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அனுப்பமாட்டேன் என்று சொன்னால் நான் அழமாட்டேன், ஆள் அனுப்பிச் சமாதானம் பேச மாட்டேன். பழைய தள்ளுவண்டி இன்னும் என் கொல்லையில் இருக்கிறது. அதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, காஞ்சிபுரத்தில் உங்கள் பட்டுக்கடைக்கு எதிரில் நிறுத்தி, என் மகளுக்குக் குழந்தை பிறக்கிற வரை அங்கேயே பஜ்ஜி போடுவேன். உங்கள் கடைக்குப் புடவை எடுக்க வருகிற கூட்டத்துக்கு நல்ல வியாபாரம் ஆகும்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு வீடியோ நின்றபிறகு என்ன நடந்தது, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, அகிலாவிடம் கூட. இனியும் சொல்ல மாட்டேன். நீங்கள் அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி. அதை வைத்துப் பேரம் பேச எனக்கு மனசு வராது.

ரேணுகா


காஞ்சிபுரம்
16.1.2025

அன்புள்ள சம்பந்திக்கு சாமுண்டீஸ்வரி எழுதுவது. பொங்கல் நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நல்லபடியாகப் போகவில்லை. ஆனால் நல்லதாகப் போயிற்று.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே சுதனைப் போனில் கேட்டேன். "இல்லம்மா" என்றான். "அத்தை எழுதிக் கீறாங்கடா" என்றேன். அப்புறம், "அம்மா, இங்க எல்லாரும் குடிக்கிறதுதாம்மா" என்றான். அதற்காக நான் அவனைத் திட்டவில்லை. தன் பழியை இன்னொரு பொம்பளை தலையில் போட்டுவிட்டு என் எதிரில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தானே, அதற்குத் திட்டினேன். உங்களிடம் பேசுவான். பேசாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

பொங்கலன்று எல்லாரும் கூடத்தில் இருந்தோம். ஆதிலட்சுமி ஆரம்பித்தாள். "சம்பந்தி லெட்டர் வந்துச்சாமே அக்கா? படிங்க, கேப்போம்." உங்கள் கடிதம் என் மடியில்தான் இருந்தது. படித்தால் சுதன் மானம் போகும். படிக்காவிட்டால் உங்கள் மானம் போகும். நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"மன்னிப்பு லெட்டர் வராது. வரவும் தேவையில்ல. அது ஒயின்தான். மொத கோப்பை தெரியாம குடிச்சேன். ரெண்டாவது கோப்பை தெரிஞ்சே குடிச்சேன். நானே போய்க் கேட்டு வாங்கினேன். நல்லா இருந்துச்சு" என்று சொன்னேன்.

ஆதிலட்சுமி கையில் கரும்பு அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். சரி, இனிமேல் நாற்காலி இழுக்கும் சத்தம் கூடக் கேட்காது என்று நினைத்தேன். மாட்டுப் பொங்கலன்று காலையில் காபி வாங்க வந்தவர், டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அது எப்படித்தான் இருக்கும்?" என்று கேட்டார். கஷாயத்தில் வெல்லம் போட்ட மாதிரி என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். இப்போது பேசுகிறார்.

அன்றைக்கு நான் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்காக அதை நானே எழுதிவிடுகிறேன், இனிமேல் அது ரகசியமாக இருக்க வேண்டாம். மதுராந்தகத்தில் என் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் கார் போகும். உங்கள் கடை மிளகாய் பஜ்ஜி வாசனை கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் உள்ளே வரும். சம்பந்தம் பண்ணுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே. ஒரு தடவை கூட வண்டியை நிறுத்தச் சொன்னதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் நின்று தின்னக்கூடாது. அந்தச் சந்தையில் நின்று சாப்பிட்டபோது யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் மேல் எனக்கே கோபம் வந்தது. ஊர் திரும்பியதும் அந்தக் கோபத்தை உங்கள் மேல் காட்டினேன்.

அந்தக் கோப்பையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்று நீங்கள் எவ்வளவோ சொன்னீர்கள். இப்போது பீரோவில் கூறைப்புடவைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சீமந்தம் முடிந்து அகிலாவை அழைத்துப் போங்கள். ஆனால் நானும் வியாபாரக் குடும்பம்தான், சும்மா விட்டுக்கொடுக்க மாட்டேன். பிள்ளை பெற்றவள் மதியத்தில் தூங்க வேண்டும், அந்த நேரம் புகையோ சத்தமோ ஆகாது. நான் நினைத்தபோது வந்து குழந்தையைப் பார்ப்பேன், யாரிடமும் கேட்க மாட்டேன். உங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்லுங்கள். தள்ளுவண்டியைக் கொல்லையிலேயே வைத்திருங்கள்.

உங்கள் சம்பந்தி,
சாமுண்டீஸ்வரி


உத்திரமேரூர்
18.1.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதத்தைக் கல்லாவில் நின்றபடியே படித்தேன். கடலைமாவுக் கையோடு படித்ததால் உங்கள் எழுத்தெல்லாம் மஞ்சள். தமிழரசன், "இன்னாக்கா, சிரிச்சுக்கினு கீறே?" என்றான். ஆதிலட்சுமி கையில் கரும்பு என்று சொன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மாப்பிள்ளை நேற்று போன் செய்தார். "அத்த, தப்பு என்னுது" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, இனிமேல் அடுத்தவர் கோப்பையில் வாய் வைத்துப் பார்க்க வேண்டாம் என்றேன். அந்த விஷயம் அதோடு முடிந்தது.

நீங்கள் கூடத்தில் எழுந்து நின்று சொன்னதற்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. என் கடையில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன். அந்த வெள்ளைக்காரர்கள் தட்டியதை விட அதிகமாகத் தட்டியிருப்பேன்.

கணக்குக்கு வருகிறேன். தை கடைசியில் சீமந்தம், அன்றைக்கே அகிலா என்னோடு கிளம்புகிறாள். பிரசவம் உத்திரமேரூரில். பிறந்த ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் நானே கொண்டுவந்து விடுகிறேன். கடை மூடாது. மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைக்கிறேன், அந்த நேரத்தில் டீ மட்டும் ஓடும். இது நான் விட்டுக்கொடுப்பது, இதற்குமேல் ஒரு நிமிடம் கிடையாது.

நீங்கள் விரும்பிய நாளில் வரலாம். ஆனால் சந்து வழியை அடைத்துச் சுவர் வைத்துவிட்டேன். முன்பக்கமாகக் கடைக்குள் புகுந்துதான் மாடிக்கு வர வேண்டும். வரும்போது அந்தக் கோப்பையை எடுத்து வாருங்கள், உங்களுக்கு அதில்தான் டீ. வேறு யாரும் அதில் வாய் வைக்க மாட்டார்கள்.

மிளகாய் பஜ்ஜி ஒன்று பத்து ரூபாய். சம்பந்தி என்பதற்காகக் குறைக்க மாட்டேன். சட்னிக்குக் காசு இல்லை. டிரைவர், கண்டக்டர் எல்லாரும் நிற்கிற இடத்தில் நின்றுதான் சாப்பிட வேண்டும்.

ரேணுகா